நாலாவது சான்றிதழ்

— முதல்ல யார் யார் இருந்தாங்கன்னு எழுது. பெரியப்பா, அதாவது நான். பரீட்சை எழுதின நீ. அடுப்படியில உன் அத்தை. இந்த மூணு பேரைத் தவிர வீட்டுல ஈ, காக்கா கிடையாது. எழுதிட்டியா?

— எழுதிட்டேன் பெரியப்பா. ஆனா பரீட்சை நடத்துறவங்க காகிதமெல்லாம் வாங்க மாட்டாங்க. மெயில்லதான் அனுப்பணும்.

— காகிதத்துல எழுதி, படம் பிடிச்சு அனுப்பு. மரியாதை தெரிஞ்ச குடும்பம்னு அவங்களுக்குத் தெரியட்டும். மேல எழுது. கம்ப்யூட்டருக்குள்ள காவல் இருந்த ஆள் காதைக் காட்டச் சொன்னான். காட்டினே. சட்டைக் கையை மடிக்கச் சொன்னான். மடிச்சே. கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்டான்.

— வீட்டுலேருந்து எழுதினா எல்லாருக்கும் அதான் முறை.

— முறையாம்! திருடனைச் சோதிக்கிற முறை. கதவுக்கு வெளியில பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். பாதியில "எழுந்து நில்லுங்க"ன்னு அதட்டினான் பாரு, அதுக்கு மேல பொறுக்கல, உள்ள புகுந்துட்டேன். என் தம்பி என்னை நம்பி விட்டுட்டுப் போன பொண்ணு. அவளை எந்தப் பய எழுந்து நில்லுன்னு சொல்றது?

— அண்ணே, உங்க ரோஷத்தைக் கொஞ்ச நேரம் பரண் மேல போட்டு வெச்சிருக்கக் கூடாதா? அறைக்குள்ள வேற ஆள் வந்தா பரீட்சை ரத்துன்னு அவ காலையிலேயே தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாளே.

— நீ சும்மா இரு. ஏற்கெனவே மூணு சான்றிதழ் வெச்சிருக்கா. அது என்னத்தைக் கிழிச்சுது?

— அது இல்லேன்னா என் விண்ணப்பத்தை மனுஷங்க கண்ணுல காட்டாமலே மிஷின் தள்ளிடும் பெரியப்பா. இருந்தா உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு, "இதெல்லாம் இருக்கட்டும்மா, எங்க வேலை பார்த்தே?"ன்னு கேக்குறாங்க. யாராவது கொடுத்தாத்தானே பார்க்க முடியும்?

— அப்புறம் எதுக்கு நாலாவது?

— இது இருந்தா திங்கக்கிழமையே வந்து சேருன்னு அந்த ஒரு கம்பெனி மட்டும் சொல்லுச்சு. பரீட்சை ரத்தானவங்களை இனி ஆறு மாசத்துக்கு எழுதவே விட மாட்டாங்க.

— விட வைக்கிறேன். நடந்ததை அவங்க பதிவு பண்ணி வெச்சிருக்காங்க இல்ல? அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லி எழுது. நம்ம பொண்ணு எப்படி உட்கார்ந்திருந்தான்னு கண்ணால பார்க்கட்டும்.

— வேணாம் பெரியப்பா.

— ஏன்?

— வேலையில எவரும் மனப்பாடமா எதையும் செய்யறதில்ல. தேடிப் பார்த்துத்தான் செய்வாங்க. பரீட்சையில மட்டும் தேடக் கூடாதாம். இந்தக் கூத்துக்கு எதுக்கு மல்லுக்கட்டணும்? விட்டுடலாம்.

— விடுறதா? நாலு பேர் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுறதுக்கு முன்னாடி...

— பேசியாச்சு அண்ணே. என் நாத்தனார் இப்பத்தான் போன் பண்ணினா. "பெரியவர் குறுக்க புகுந்து பொண்ணு பொழப்பைக் கெடுத்துட்டாராமே"ன்னு கேட்டா. சொந்தத்துல எல்லார் வாயிலயும் அதான் பேச்சாம்.

— நீ சொல்லாம அவளுக்கு எப்படித் தெரியும்?

— வாயில இருந்து வந்துடுச்சு. நடந்ததைத்தானே சொன்னேன்? இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்.

— சரி. அப்படியே எழுது, அம்மாடி. தப்பு பெரியப்பாவோடது, பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல, மன்னிக்கணும்னு எழுது. இந்தக் கை யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல. பரவாயில்ல. கொடு, கையெழுத்துப் போடுறேன்.

— போடாதீங்க பெரியப்பா. அத்தை, உங்க நாத்தனாரைத் திருப்பிக் கூப்பிடுங்க. பெரியப்பா எதையும் கெடுக்கலேன்னு சொல்லுங்க. அவர் உள்ள வரலேன்னா நான் எழுந்து நின்னிருக்கணும். நின்னிருந்தா, மடியில இருந்த போன் கீழே விழுந்திருக்கும்.