ரதி வேஷக்காரர் கட்டிய சேலை

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு தம்பதி, கொட்டகலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். கணவருக்குப் பெரிய மீசை.

“ஒன்னவிட நான் நல்லா சேல கட்டுவேன் புள்ள” என்றார்.

மனைவியின் விரல்கள் மடங்கிக் கிடந்தன. “கையி இனி தேறாது, அடுத்தது காலுன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க வெளையாடுறீங்க.”

“காமன் கூத்துல பத்து வருசமா ரதி வேசம் கட்டுறவன் நான். சடையும் போட்டுவிடுவேன்.”

“லயத்து வீட்டுச் சனமெல்லாம் சிரிக்கும்.”

“இன்னைக்கி கட்டிவிட்டதுக்கு யாரு சிரிச்சா?”

“நர்ஸம்மா, யாரு இவ்வளவு அழகா கட்டிவிட்டதுன்னு கேட்டாங்க. ஒங்க தங்கச்சின்னு சொல்லிட்டேன்.”

“எம்பேரச் சொன்னா என்ன?” அவருக்கு உண்மையிலேயே கோபம்.

அவள் சிரித்துவிட்டாள். “சரிங்க, அடுத்த தடவ சொல்லுறேன்.”

அவர்கள் இறங்கியபோதும் அவள் கொசுவம் குலையவில்லை. கைக்குழந்தையோடு இருந்த நான், என்னுடையதை இரண்டு முறை சரிபார்த்தேன்.