பத்தொன்பது துண்டான எழுத்தாளர்

மேடையில் அமர்ந்திருக்கும் முல்லையாற்று வாசகர் வட்டத்தின் தலைவர் திரு. விஜய்ராஜ் அவர்களே, ஆண்டிபட்டியிலிருந்து வந்திருக்கும், மறைந்த மாயக்காள் அம்மாளின் மகள் சொர்ணலதா அவர்களே, இன்று ஒருநாள் தோட்ட வேலையை விட்டுவிட்டு இந்த மண்டபத்தின் பாதியை நிறைத்திருக்கும் ஜீப் தோழியரே, வட்டத்தின் உறுப்பினர்களே! எல்லோருக்கும் செயலாளர் ராஜமணியின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பது ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் நடத்தியவன்தான். ஆனால் வகுப்பில் எதிரே இருப்பவர்களுக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும் என்ற தைரியம் இருந்தது. இங்கே அது இல்லை. அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதியதை நான்கு முறை திருத்தியும் இருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டத்தின் முதல் பெண் உறுப்பினர், வாசகச் செம்மல் மாயக்காள் அம்மாள் நம்மைவிட்டுப் பிரிந்து பதினாறு நாள் ஆகிறது. 'வாசகச் செம்மல்' நாம் கொடுத்த பட்டம். வாங்கிக்கொள்ள மேடைக்கு அழைத்தபோது, "ஜீப்பு போயிரும் சார், சால்வையை மட்டும் குடுத்து விடுங்க" என்றார். இந்த அம்மாளை என்ன செய்வது! இருபத்தேழு ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

யார் அவர்? எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விடியுமுன் கம்பம் ஊரில் ஜீப் ஏறி, மலை மேட்டைத் தாண்டி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் காய் பறித்து, மாலையில் திரும்பியவர். திரும்பும் வழியில் பதினான்கு பெண்களுக்கு உரக்க நூல் வாசித்தவர்! கொண்டை ஊசி வளைவு வந்தால் மட்டும் நிறுத்துவாராம். ஜீப் ஓட்டிய சுருளியாண்டி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "கதையில ஒரு பொம்பளை சாகக் கிடக்கா சார். ஊரு வந்திருச்சு, ஒருத்தியும் எறங்க மாட்டேங்கிறா. 'ஏலே, இன்னொரு சுத்துச் சுத்துடா, அவ பிழைக்கிறாளான்னு பார்த்துட்டு எறங்குறோம்'னு ஜக்கம்மா அத்தை என் முதுகுல அடிக்கிறாக." சுருளியாண்டி இன்னொரு சுற்று சுற்றினார். அவள் பிழைக்கவில்லை. இப்படி ஒரு தொண்டு நாம் செய்தோமா? மாதம் ஒரு கூட்டம் போட்டு, மிக்சரும் காப்பியும் கொடுத்துக் கலைந்த நாம் செய்தோமா?

புதியவர்களுக்காக நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் வாசித்த நூலையும் அதன் ஆசிரியரையும் தமக்குரிய பதிவேட்டில் எழுத வேண்டும். ஒருவர் மறைந்தால், அவர் வாழ்நாளில் அதிகம் வாசித்த ஆசிரியர் யார் என்று இரங்கல் கூட்டத்தில் அறிவிப்போம். அந்த ஆசிரியரின் நூல்களை அடுக்கி, இருவர் பெயரையும் பலகையில் எழுதி, ஓர் அலமாரியைத் திறப்போம். எந்த ஆசிரியரும் பத்து நூலைத் தொடவில்லை என்றால் செயற்குழு தேர்ந்தெடுக்கும். இந்த விதிகளை எழுதியவன் நான். அப்போது எனக்கு விதிகள்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது.

மாயக்காள் அம்மாளின் பதிவேட்டில் ஆசிரியர் என்ற பத்தியில் திரும்பத் திரும்ப ஒரே பெயர். கோ. வரதமூர்த்தி, கோ. வரதமூர்த்தி, கோ. வரதமூர்த்தி! முப்பத்தெட்டு இடங்களில்! யார் இந்த வரதமூர்த்தி? மலையாளம், வங்காளம், ரஷ்யன் என்று ஆறு மொழிக் கதைகளைத் தமிழில் தந்த மொழிபெயர்ப்பாளர். நான் அம்மாளை அழைத்துப் பொறுமையாக விளக்கினேன்.

"அம்மா, இவர் எழுதியவர் இல்லை. மொழிபெயர்த்தவர்."

"அட்டையில பேரு போட்டிருக்குல்ல சார்?"

"அதற்கு மேலே இன்னொரு பெயர் இருக்கிறதே, அவர்தான் ஆசிரியர்."

"அந்தாளுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது."

"தமிழ் தெரியாத ஆளு எப்பிடி சார் தமிழ்ல எழுதுவாரு?"

இதே உரையாடல் எங்களுக்குள் எத்தனை முறை நடந்தது தெரியுமா? பொறுமை போய், பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் சிவப்பு மைப் பேனாவை எடுத்து முப்பத்தெட்டு வரிகளையும் நானே திருத்திவிட்டேன். வரதமூர்த்தியை அடித்துவிட்டு மூல ஆசிரியர்களின் பெயர்களை எழுதினேன். மொத்தம் பத்தொன்பது பேர். நேர்த்தியாகத்தான் செய்தேன், அடிக்கோல் வைத்துத்தான் அடித்தேன்.

அம்மாள் அதைப் பார்த்தார். "ஒரு ஆளைப் பத்தொன்பது துண்டா வெட்டிப்புட்டீகளே சார்! கறிக்கடைக்காரன்கூட இத்தனை கூறு போட மாட்டான்" என்றார்.

மறுவாரம் இரண்டு நூல்களோடு வந்தார். "இதைப் பாருங்க. ஒண்ணு மலையாளத்துக் காயல் ஊரு. இன்னொண்ணு பனி கொட்டுற ஊரு. ரெண்டுலயும் மழை சிணுங்குது. எந்தத் தேசத்து மழையும் இவரு கையில சிணுங்கத்தான் செய்யுது. ஒரே ஆளு எழுதாமயா?"

"தற்செயல் அம்மா" என்றேன்.

அதோடு அந்தச் சண்டை முடிந்தது. நூல் எடுத்தார், வாசித்தார், திருப்பிக் கொடுத்தார். பதிவேட்டில் மட்டும் அதன்பின் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பதினொரு ஆண்டுகளில் அவர் எதையெல்லாம் வாசித்தார் என்று இன்று யாருக்கும் தெரியாது. அந்த வெற்றுப் பக்கங்களுக்கு நான்தான் காரணம்.

போன வாரம் செயற்குழு கூடியது. என் சிவப்பு மைக் கணக்குப்படி அம்மாள் எந்த ஆசிரியரையும் நான்கு நூலுக்குமேல் வாசிக்கவில்லை. எனவே விதிப்படி தலைவர் ஒரு பெயரை முன்மொழிந்தார். சொன்னால் நீங்கள் கைதட்டக்கூடிய பெரிய பெயர்தான். ஆனால் அம்மாள் அவருடைய ஒரே நூலைத்தான் எடுத்துப் போனார். "இதை வாசிச்சா ஜீப்பே தூங்குது சார்" என்று மறுநாளே கொடுத்துவிட்டார். இதை நான் குழுவில் சொன்னேனா? இல்லை. தொண்டையைச் செருமினேன். தலைவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். பலகை எழுதியாகிவிட்டது. எனக்குப் பின்னால் மஞ்சள் துணி மூடிய அலமாரியின் உச்சியில் இருப்பது அந்தப் பலகைதான்.

தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். தெரிகிறது ஐயா. இன்னும் ஒரு பக்கம்தான்.

இன்று காலை வாசலில் ஜக்கம்மா என்னை நிறுத்தினார். "எங்க வரதமூர்த்தி பலகைதான சார் அங்கன இருக்கு?" நான் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். "அந்தாளை எம்புட்டுத் திட்டியிருக்கோம்! நல்ல பொம்பளைகளை எல்லாம் சாகடிச்ச மனுசன். ஆனா மாயக்கா போயிருச்சுன்னா அவரைத்தான கூப்பிட்டு நிறுத்தணும்?" என்றார். "கூட்டத்தில் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நழுவி வந்தேன். எழுபத்து நான்கு வயதில் நழுவி வந்தேன்!

அன்பர்களே, குழு கூடிய நாளிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். அந்த முப்பத்தெட்டு நூல்களையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கதையை வாசிக்கவில்லை, மழையை மட்டும் தேடினேன். முப்பத்தொரு நூல்களில் மழை சிணுங்குகிறது. மீதி ஏழில் மழையே பெய்யவில்லை!

தற்செயலாம்! முதுகலை படித்தவன் சொன்னது! ஆறு மொழிக் கதைகளுக்குள் ஒரே மனிதரின் குரலை, ஆடுகிற ஜீப்பில், பதினான்கு பேர் பேச்சுக்கு நடுவே ஒரு பெண் கேட்டுவிட்டார். அதே அட்டைகளுக்கு எண் ஒட்டிய எனக்குக் கேட்கவில்லை. ஏன் அம்மா, இன்னும் ஒருமுறை என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா? மேசையைத் தட்டியிருக்கக் கூடாதா? நான் பயந்தவன் என்று உங்களுக்குத் தெரியுமே, சத்தம் போட்டிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பேனே!

அம்மாள் சொன்னது முழுக்கச் சரியா? உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கதைகளைப் படைத்தவர்கள் அந்தப் பத்தொன்பது பேர்தான். அவர்கள் பெயர் அட்டையில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த நூல்களில் அம்மாள் உச்சரித்த சொற்கள் யாருடையவை? ஜீப்பை இன்னொரு சுற்று சுற்ற வைத்த வாக்கியம் யாருடையது? ஒவ்வொரு சொல்லும் வரதமூர்த்தியுடையது.

எனவே செயலாளர் என்ற முறையில் அறிவிக்கிறேன்: வாசகச் செம்மல் மாயக்காள் அம்மாள் தம் வாழ்நாளில் அதிகம் வாசித்த ஆசிரியர், கோ. வரதமூர்த்தி. பதிவேட்டில் உள்ளபடி முப்பத்தெட்டு நூல்கள். பதிவேட்டில் இல்லாதவை எத்தனையோ.

இனி எந்த உறுப்பினரின் பதிவேட்டிலும் என் பேனா படாது என்று உறுதி கூறுகிறேன். வாரம் ஒரு நூலை விடியுமுன் ஜீப்பில் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று உறுதி கூறுகிறேன். வாசிக்க ஆள் வேண்டுமென்றால், என் குரல் போதாது, ஆனாலும் வருகிறேன்.

ஜக்கம்மா, மேலே வாங்க. அந்தத் துணியை எடுங்க. சுருளியாண்டி, பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டுங்க, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். என்னிடம் சாக்பீஸ் இருக்கிறது. தலைவர் அவர்களே, உங்களுக்கு ஆட்சேபணை இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். நான் எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள்.