சூடானால் நிற்கும் வேன்

எனக்கு ஆறிய டீதான் பிடிக்கும். சூடாக வேறு டீ சொல்ல வேண்டாம், இதுவே போதும். பட்டறைக்காரன் எவனும் சூடாக டீ குடித்ததாகச் சரித்திரம் கிடையாது. வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனால், வெளியே வரும்போது மேலே ஆடை கட்டியிருக்கும். அப்படியே நாக்குப் பழகிவிட்டது.

நீங்கள் அந்த வேனைப் பற்றிக் கேட்டீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, நானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். குறுக்கே கேள்வி கேட்காமல் இருந்தால் நல்லது. என் பேச்சை ஒருவர் உட்கார்ந்து கேட்டு ரொம்ப நாளாகிறது.

வேனின் சொந்தக்காரரை எல்லோரும் போட்டோக்காரர் என்போம். ஸ்டூடியோவை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். காமிராக்களை விற்றவருக்கு, கல்யாண வீடுகளுக்கு விளக்குகளை ஏற்றிக்கொண்டு அலைந்த அந்தப் பழைய வேனை மட்டும் விற்க மனசு வரவில்லை. அதற்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. காலையில் கிளப்பினால் சமர்த்தாக ஓடும். கொஞ்ச தூரம் போனதும், சொல்லாமல் கொள்ளாமல் நடுத்தெருவில் அணைந்துவிடும். சிறிது நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். மற்ற பட்டறைகளில் பம்பை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், கடைசியில் கையை விரித்தார்கள். அப்படித்தான் என்னிடம் வந்தார்.

நானும் உடனே கண்டுபிடிக்கவில்லை. பட்டறைக்கு வரும்போதெல்லாம் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் அவர் வந்துகொண்டே இருந்தார். கவிழ்த்துப்போட்ட டயரின் மேல் உட்கார்ந்து எனக்கு டார்ச் பிடிப்பார், வாய் ஓயாது.

“தம்பி, கல்யாணத்துல மாப்பிள்ளை மனசு விட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துட்டேன்னா, அன்னைக்கு என் வேலை முடிஞ்சுது. அந்தச் சிரிப்பு திரும்ப வராதுப்பா” என்பார்.

நான் வண்டிக்கு அடியிலிருந்தபடியே சிரிப்பேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். வீட்டில் டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். செய்தி வாசிக்கிறவர் ‘வணக்கம்’ சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்வேன். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். தனியாக இருந்து பாருங்கள்.

அவருடைய மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சில நாள் டிபன் கேரியரோடு அவர்களும் வருவார்கள். “உங்க அண்ணனுக்கு வண்டி ரிப்பேர் ஒரு சாக்கு. வீட்டுல என்கிட்ட இவ்வளவு பேசறதில்ல” என்பார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் நோய் பிடிபட்டது. அந்த வேனில் டிரைவர் சீட்டுக்கு அடியில், இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில், கையகலத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் இன்ஜினின் கம்ப்யூட்டர். எப்போது பெட்ரோல் விட வேண்டும், எப்போது பொறி தட்ட வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும். என் மனைவி தலைமுடி காயவைக்க ஒரு சூடுகாற்று மெஷின் வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து, இன்ஜின் ஓடும்போதே பெட்டியின் மேல் காட்டினேன். பெட்டி சுட்டதும் இன்ஜின் நின்றது. ஆறியதும் ஓடியது. உள்ளே ஈயப் பற்றவைப்பு விட்டுப்போய், பெட்டியின் வெளிமூலை ஒன்றில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. போட்டோக்காரர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தனூண்டு பயலா என்னை இந்தப் பாடு படுத்தினான்?” என்று அதைச் செல்லமாகக் குட்டினார்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் அதே மாதிரி வேன் ஒன்று கிடந்தது. அதன் பெட்டியை வாங்கி வந்தேன். இந்தப் பெட்டி தன் சொந்தச் சாவியை மட்டும்தான் நம்பும், வேறு சாவி போட்டால் இன்ஜினைக் கிளம்பவே விடாது. ஆகவே அந்த வேனின் சாவிக்குள் இருந்த சின்ன எலக்ட்ரானிக் சில்லையும் எடுத்து, சாவி போடும் பூட்டுக்குப் பின்னால் ஒட்டிவைத்தேன். வண்டி ஓடியது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வரவில்லை. வண்டிதான் சரியாகிவிட்டதே, எதற்கு வருவார்? நானே போன் செய்தேன். “குதிரையாட்டம் ஓடுது தம்பி, உன் கைராசி” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் டிவியைப் போடவில்லை. அந்த டயரை மட்டும் பட்டறையில் இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் வேனோடு வந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொல்ல வந்த சேதி வேறு. மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். இருவரும் அவள் ஊருக்கே போய்விடப் போகிறார்களாம். “தூரப் பயணம் தம்பி. ஒருதரம் நல்லாப் பார்த்துக் குடு” என்றார்.

பார்த்துக்கொடுத்தேன். ஆயில் மாற்றினேன், பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டேன், டயர்களில் காற்றுப் பார்த்தேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சீட்டைத் தூக்கி, நல்ல பெட்டியைக் கழற்றிவிட்டு, பட்டறையில் போட்டுவைத்திருந்த பழைய பெட்டியை வைத்தேன். ஒட்டிய சில்லை எடுத்துவிட்டால் போதும், பழைய பெட்டிக்கு அவர் சாவி ஏற்கெனவே பழக்கம்தான்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த வண்டி எங்கே நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க் தாண்டி அகலமான மண் ஓரம் இருக்கிறது. வழக்கமாக அங்கேதான் பெட்டி சூடேறி வண்டி படுக்கும். அவர் எனக்குப் போன் செய்வார், நான் கயிறு கட்டி இழுத்து வருவேன். தடைபட்ட பயணம் தடைபட்டதுதான். அண்ணிக்கும் சொந்த வீட்டை விட்டுப் போக அரை மனசுதான் என்று எனக்குப் பட்டது.

ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டேன். அவர்கள் கிளம்பிய காலையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வேனுக்கு அடியில் காற்றும் சாரலும் தாராளமாக ஏறும். என் சோதனையெல்லாம் வெயிலில் செய்தது. மழையில் பெட்டி சூடேற வெகு நேரமாகும்.

இழுவைக் கயிற்றை என் வண்டியில் எடுத்துவைத்துவிட்டு, இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. வேன் பங்க்கைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியிருக்கும் என்று புரிந்தது. நான் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டி ஓட்டுகிறவரைப் போனில் தொந்தரவு செய்வது முறையல்ல என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவரே கூப்பிட்டார்.

“தம்பி, மறுபடியும் நின்னுடுச்சுப்பா. ஆத்துப் பாலத்து மேல. ஒதுங்க இடமே இல்ல. மழையில பின்னாடி ஒண்ணும் தெரியல.”

“பயப்படாதீங்கண்ணே, நான் கிளம்பிட்டேன்” என்றேன்.

“அந்தப் பெட்டிதானா? சீட்டைத் தூக்கிக் காத்துப் படவிடட்டுமா? அப்ப அப்படித்தானே கிளம்புச்சு.”

பக்கத்தில் அண்ணியின் குரல் கேட்டது. “இறங்கி ஓரமா நின்னுக்கலாங்க.”

நான் சொன்னதை அண்ணி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வார்த்தை மாறாமல் நானும் சொல்கிறேன். “வேண்டாம்ணே. மழையில நனையாதீங்க. சீட்டை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். நான் வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருங்க.”

அவருக்கு நெஞ்சுச் சளி உண்டு, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். சளி உண்மைதான். ஆனால் சீட்டைத் தூக்கியிருந்தால் அந்தப் பச்சை பூத்த மூலையைப் பார்த்திருப்பார். தன் கையால் குட்டிய பெட்டி அவருக்குத் தெரியாதா? தெரிந்தால் என்னோடு பேச்சை விட்டிருப்பார். தெரியாமல் போனாலும், பெட்டி ஆறினதும் வண்டி கிளம்பி, மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். எப்படியும் எனக்கு அவர் இல்லை. பின்னால் லாரி வந்து மோதுவதற்கு முன்னால் இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன். அவரும் சொன்னபடி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார்களாம். உடம்பு தேறினால் கோபம் போய்விடும், நல்ல மனசு அவர்களுக்கு.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். நடுப்பாலத்தில் வண்டி நின்றபோது அவர் மகளைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.