மாறுதல் வாங்கிய மிஸ்

படவேட்டிலிருந்து ஆரணிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள். ஒருவர் அரசுப் பள்ளியில் மாறுதல் வாங்கிக்கொண்டு ஆரணிக்குப் போகிறவர். மற்றவர் தனியார் பள்ளியில் வேலை பறிபோய், கோயிலுக்கு வந்து திரும்புகிறவர்.

“என்னையும் உங்கள மாதிரி திடீர்னு நிறுத்தியிருந்தா தேவலைங்க,” என்றார் அரசு ஆசிரியை.

“என்னங்க இப்படி பேசறீங்க? வேலை போனதுல நானே பேஜாரா இருக்கேன். உங்கள யாராவது அசைக்க முடியுமா?”

“அவங்க நிறுத்திட்டாங்கன்னு நீங்க பசங்க கிட்ட சொல்லலாம். நான் கவுன்சிலிங்ல கேட்டு வாங்கினு இல்ல போறேன். சேர்ந்த அன்னிக்கே ஒரு பொண்ணு, ‘மிஸ், நீங்க எப்ப மாத்தினு போவீங்க’ன்னு கேட்டா. போகவே மாட்டேன்னு சொன்னேன்.”

“இன்னிக்கு அழுதாளா?”

“இல்லீங்க. என் பைய தூக்கினு வந்து பஸ்ல வச்சா. போற மிஸ்ஸுக்கெல்லாம் அவதான் தூக்கினு வருவாளாம்.”