முதல் வீடு

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. எழுதக் குனியும்போதெல்லாம் லொடக் லொடக் என்கிறது. இந்தத் தண்ணீர்க் கோப்பை காகிதம்தானே, மடித்துத் தருகிறேன், அடியில் வையுங்கள். பார்த்தீர்களா, நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இப்படித்தான். ஒரு பொருள் அனாவசியமாகச் சத்தம் போட்டால் என் கை சும்மா இருக்காது.

பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் மையத்தை நான் ஏற்றபோது, அது நூலகத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. பிள்ளைகள் ஏசியில் தூங்கவே அங்கே வருவார்கள். ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு குழுக்கள் அங்கிருந்து கம்பெனியாக வெளியே போயிருக்கின்றன. இன்று விருந்தாளி யார் வந்தாலும் துணைவேந்தர் முதலில் கூட்டிவருவது எங்கள் மாடிக்குத்தான். தம்பட்டம் அடிக்கவில்லை. இது தெரியாமல் மற்றது விளங்காது.

நான் கொண்டுவந்த விதி ஒன்றே ஒன்று. முதலீட்டாளர்கள் முன் மேடையேறுவதற்கு முன், எந்தப் பொருளும் யாராவது ஒருவர் வீட்டில் முப்பது நாள் குடியிருக்க வேண்டும். அதற்கு முதல் வீடு என்று பெயர் வைத்தேன். அங்கே அது எத்தனை முறை சொதப்பியது என்பதைக் குழுவே தினமும் எங்கள் கண்ணாடிச் சுவரில் எழுத வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள். வெட்கம் வந்தால் பிள்ளைகள் நன்றாக வேலை செய்வார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கும். மையத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் குடைச்சல். கேள்வி கேட்டே ஆளை ஒருவழி பண்ணிவிடுவாள். காபி இயந்திரம் ஏன் சர்க்கரையை முதலில் போடுகிறது என்று அதன் கம்பெனிக்கே போன் போட்டவள். என் ஒன்பது வருடத்தில் அவளைப் போல் ஒரு மூளையை நான் பார்க்கவில்லை. அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. பெற்ற மகள் மாதிரி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை.

அவள் செய்தது ஒரு பட்டை. குறைமாதக் குழந்தைகள் சில சமயம் தூக்கத்தில் மூச்சு விட மறந்துபோகும். தட்டி எழுப்பினால் திரும்ப விடும். இவளுடைய பட்டையைக் குழந்தையின் வயிற்றில் கட்டினால் போதும், இருபது நொடி வயிறு அசையாவிட்டால் வீடே அதிரும்படி அலறும்.

எங்கள் வேன் ஓட்டுநருக்கு அப்போதுதான் ஒரு பெண் குழந்தை, குறைமாதம். மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் மனைவியும் முறைபோட்டுக் கண்விழித்தார்கள். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கிலேயே தலை சாய்ந்துவிடுவார். நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். "இதைக் கட்டிட்டு ரெண்டு பேரும் நிம்மதியா தூங்குங்க. மிச்சத்தை மிஷின் பார்த்துக்கும்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டை அலறியது. குழந்தை புரண்டு பட்டை நகர்ந்தால் அலறியது, பால் குடித்துவிட்டு நெளிந்தால் அலறியது. கண்ணாடிச் சுவரில் பதினான்கு, பதினொன்று, பதினேழு என்று எழுதிக்கொண்டிருந்தாள். மற்றக் குழுக்காரர்கள் அவளைப் பார்த்தாலே, "என்ன, இன்னைக்கு எத்தனை தடவை கூவுச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மேடைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நொடியைக் கூட்டு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"மாட்டேன் சார். இருபதுங்கிறது நான் வச்ச நம்பர் இல்ல, டாக்டர் வச்சது. பட்டை வழுக்குது, அதான் பிரச்சினை. நொடி இல்ல."

ஒரு புதன்கிழமை மதியம் என் அறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "எங்கண்ணன் ஒரு வேலை பார்த்து வச்சிருக்கான் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். போதும் சார், இது எனக்கு வராது. நான் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு பெண் யாரோ ஒருவரின் ஆபீசில் போய்க் கோப்பு தள்ளுவதா? முதலில் சாப்பிட்டுவிட்டு வா, பேசலாம் என்று கேன்டீனுக்கு அனுப்பினேன். லேப்டாப்பை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். திறந்துதான் இருந்தது. இருபது என்றிருந்த இடத்தில் அறுபது என்று போட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் வீட்டுப் பட்டைக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். அழுத்தினேன். அவள் திரும்பி வந்தபோது நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சுவரில் இரண்டு. வெள்ளிக்கிழமை பூஜ்யம். அவள் வராந்தாவில் குதித்த குதியில் கீழே நூலகத்திலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டார். ஆனாலும் குடைச்சல் குடைச்சல்தானே, நேராக என்னிடம் வந்தாள். "எப்படி சார் திடீர்னு?"

"புதன்கிழமை காலையில பக்கிளை மாத்தினியே, அதுதான்" என்றேன். அவள் மாற்றியது உண்மை. ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, இது எங்கள் மையத்தில் முதல் வாரப் பாடம். இரண்டாவது மாற்றம் நடந்ததே அவளுக்குத் தெரியாது. நம்பினாள். அண்ணனுக்குப் போன் போட்டு, வேலை வேண்டாம் என்றாள். நான் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அதன் தாயும் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். பட்டை எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது, உங்களிடமும் இருக்கும். நாற்பது நொடி மூச்சில்லை, பிறகு சின்னதாக ஒரு மூச்சு. நாற்பத்தெட்டு, பிறகு ஒன்று. இப்படிப் பத்தொன்பது முறை. ஒருமுறைகூட அறுபதைத் தொடவில்லை. இருபதாவது முறை தொட்டது. அலாரம் அடித்தது. தாய் எழுந்துவிட்டாள், ஆனால் அதற்குள் குழந்தை போய்விட்டது. கருவி சொன்னபடி வேலை செய்தது. இதை ஒருவர்கூட எடுத்துப் பேசவில்லை.

அன்று மாலை குடைச்சல் லேப்டாப்பைத் திறந்து அந்த அறுபதைப் பார்த்தாள். புதன்கிழமை மதியம் மாற்றியதாக, அவள் பெயரில் பதிவாகியிருந்தது. "நான் எப்ப சார் இதைப் போட்டேன்?" என்று கேட்டாள்.

"டெஸ்ட் பண்றதுக்கு அறுபது வச்சுப் பார்க்கிறேன்னு அன்னைக்குச் சொன்னியேம்மா. திருப்பி மாத்த மறந்துட்டியோ என்னவோ" என்றேன்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "ஆமா சார், சொன்னேன்ல" என்றாள். ஒருவர் நம்பும் ஆள் எதைச் சொன்னாலும் அது ஞாபகத்துக்கு வந்துவிடும் போலிருக்கிறது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ஓட்டுநர் வீட்டுக்கு அவளோடு நானும் போனேன். "நான்தான்ணா, நம்பரை மாத்தி வச்சுட்டேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஓட்டுநர் சுவரைப் பார்த்து நின்றார். அவர் மனைவி உள்ளே போய்ப் பட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "பாப்பா பால் கக்கியிருந்தா. துவைச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். குடைச்சலுக்குக் கை நீளவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். ஓட்டுநர் இன்றைக்கும் எனக்கு வேன் கதவைத் திறந்துவிடுகிறார்.

நான்கு மாதம் வாயைத் திறக்காதவன் இப்போது ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். அவள் தன் தவறுதான் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் படிப்பையும் விட்டுவிட்டாள். அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். பல்பு மாற்றச் சொன்னால்கூட எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள் என்று அவன் போனில் சொன்னான். அந்தக் கைகள் சும்மா கிடக்கலாமா? போன வாரம் ஒரு முதலீட்டாளரும் வந்தார். நடந்தது நடந்துபோச்சு, அந்தப் பெண் திரும்பி வந்தால் பேசலாம் என்றார். அவள்மேல் பழி இருக்கும்வரை அவள் வரமாட்டாள். அதனால் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த எண்ணை மாற்றியவன் நான். அவளை நம்பவைத்தவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்றே குறித்துக்கொள்ளலாம், பொய்யில்லை. எனக்கு என்ன தண்டனையோ அது நடக்கட்டும். போகும் முன் மையத்தின் வேலைகளை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டேன். குடைச்சல் வந்ததும் பட்டையின் இரண்டாவது வடிவம் தொடங்கும். ஓட்டுநருக்கும் மனைவிக்கும் இன்னும் வயதிருக்கிறது, அடுத்த குழந்தை வராமல் போகாது. அதனால் முதல் வீடு என்ற இடத்தில் அவர்கள் வீட்டையே எழுதியிருக்கிறேன், அவர்களுக்கும் ஒரு ஆறுதலாக இருக்கும். இந்த முறை அறுபதெல்லாம் வேண்டாம். நாற்பது போதும்.