ஆடுதாண்டி ஓடையைத் திறந்துவிட்ட நூலகருக்கு

கரிசல் காட்டு வெயிலிலும் கனிவு குறையாத கண்ணியமே! வாசிக்க வந்தவரை வாய் நிறைய வரவேற்று, வராதவரை வீடு தேடிச் சென்று வம்புக்கு இழுத்த வள்ளலே! திருச்சுழிச் சாலைக் கிளை நூலகத்தின் நூலகராய் இருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்புக்குரிய தங்கலட்சுமி அம்மையீர்! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாகத் தாங்கள் அடுக்கிய நூல்களை அடுக்கடுக்காய்ச் சொல்லிப் பாராட்டுவதே முறை. நூலைத் தாமதமாகத் திருப்பியவர்களைத் தாங்கள் கடிந்த கடுமையைச் சொல்வதற்கில்லை. அவர்களில் பாதிப் பேர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் நாங்கள் சொல்ல வந்தது சனிக்கிழமைகளைப் பற்றி.

நூலக மூலையில் தூசி மூடிக் கிடந்த கணினியைத் துடைத்து, விலை கேட்காத, எவரும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள்களை அதில் ஏற்றினீர்கள். அரசு எல்லாருக்குமாக வெளியிடும் தரவுகளை எல்லாரும் பார்க்கட்டும் என்று சனிக்கிழமைதோறும் அழைத்தீர்கள். விசைத்தறி ஓட்டும் பூமிநாதன் வந்தார். பருத்தி போடும் அழகுத்தாய் வந்தார். "நான் தொட்டா கெட்டுப் போயிராதாக்கா?" என்று தயங்கியவரிடம், "கெட்டா சரி பண்ணிக்கிருவோம், தொடுங்க" என்றீர்கள்.

அழகுத்தாய் ஊரின் பாசன ஏரியான ஆலாங்கண்மாய் மூன்று மழைக்காலமாக நிறையவில்லை. மழை குறைவு என்றது ஊர்; கேட்ட இடமெல்லாம் அதையே சொன்னார்கள். தாங்களோ, வெளியிட்டிருக்கும் மழை அளவுகளை இறக்கிப் பார்க்கச் சொன்னீர்கள். மழை குறையவே இல்லை! அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? இலவசமாய்க் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களை, பழைய ஆண்டு முதல் புதிய ஆண்டு வரை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிலத்தின் மேடுபள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தார் பூமிநாதன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆடுதாண்டி ஓடையை மண் போட்டு மூடி, அதன்மேல் வீட்டுமனை பிரித்திருந்தார்கள். ஓடையின் பழைய தடத்தை அவர் நீலக்கோடாக இழுத்தார். கோடு சில மனைகளின் குறுக்கே போனது.

அம்மையீர், அந்த மனைகளில் ஒன்று தங்களுடையது என்பது அன்று அந்த அறையில் தங்களைத் தவிர எவருக்கும் தெரியாது. ஓய்வுக்குப் பின் வீடு கட்டிக் குடியேற, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய மனை! "படம் தெளிவாக இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தங்கள் பேச்சுக்கு மறுபேச்சின்றிக் கணினியை அணைத்திருப்போம். தாங்களோ, "பூமி, அந்த மூலை மனை என்னோடது. அதுக்காகக் கோட்டத் தள்ளிப் போட்றாதீக. தண்ணி வந்த வழி வந்த வழிதான்" என்றீர்கள்.

அழகுத்தாய் பதறிப்போய், "மனுக் குடுக்க வேணாங்க்கா, எங்க கண்மா கெடக்கட்டும்" என்று அழுதார். ஆனாலும் ஓடையைத் திறக்கக் கோரி அதிகாரிகளுக்குக் கொடுத்த அந்த மனுவில் முதல் கையெழுத்து தங்களுடையது.

அதிகாரிகள் அளக்க வந்தார்கள், படம் சரியாக இருந்தது. ஓடை திறக்கப்பட்டது. சென்ற ஐப்பசியில் தங்கள் மனையின்மீது தண்ணீர் ஓடியது, ஆலாங்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது! தாங்கள் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. தங்களுக்குத் துளியும் இல்லை என்று தாங்கள் சொல்வதை நாங்கள் முழுதாக நம்பவுமில்லை.

உலகத்தார் கூடி வரையும் திறந்த வரைபடம் ஒன்று உண்டு. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதில் அந்த ஓடைக்கு "தங்கலட்சுமி ஓடை" என்று பூமிநாதன் பெயர் எழுதினார். மறுநாளே அழித்துவிட்டு, "அதுக்குப் பேரு இருக்குல்லய்யா?" என்று கடிந்தீர்கள். அவர் மறுபடி எழுதினார். தாங்கள் மறுபடி அழித்தீர்கள்.

உடல் நலமும் உள்ள மகிழ்வும் ஒருசேரப் பெற்று, சனிக்கிழமை தவறாமல் இங்கு வந்து எங்களை அதட்டிக்கொண்டு, பேரப்பிள்ளைகள் சூழ நெடுங்காலம் வாழ்க! தங்கள் பெயரை எங்காவது எழுதாமல் எங்களுக்கு மனம் ஆறவில்லை. ஆகவே இம்மடலில் எழுதி, சட்டம் அடித்து, கண்ணாடியும் போட்டுக் கொடுக்கிறோம். இதைத் தங்களால் அழிக்க முடியாது, அம்மையீர்!

என்றும் தங்கள் அன்பை மறவாத,
நூலகப் பணியாளர்களும் சனிக்கிழமை வாசகர்களும்,
கிளை நூலகம், திருச்சுழிச் சாலை,
அருப்புக்கோட்டை.