இரண்டாம் மாடிக் கொக்கி

இரண்டாம் மாடி ஆண்கள் கழிவறையில், கடைசி அறைக் கதவின் கொக்கி ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இறுக்க வேண்டியவன் நான்தான். அந்தக் கல்லூரிக் கட்டடத்தில் குழாய், பூட்டு, விளக்கு, சுவர் எல்லாம் என் பொறுப்பு. நானே தினமும் போகும் அறை என்பதால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவன் கழிவறையில் பெல்ட்டை அவிழ்த்தால் அது தரையில் விழும். அதனால் எடுத்துக் கொக்கியில் மாட்டுவோம். டெக்சஸில் கல்லூரிக்குள்ளும் துப்பாக்கி கொண்டுவரலாம் என்று சட்டம் வந்த பிறகு, கோட்டு மாட்டுகிற கொக்கிக்கு இந்த வேலையும் சேர்ந்தது. சட்டம் போட்ட பெரிய மனிதர்கள் யாரும் கழிவறைக்குப் போவதில்லை போலிருக்கிறது.

நான் அந்தச் சட்டத்துக்கு ஆதரவானவன். இப்போதும் அப்படித்தான். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, எட்டாம் வகுப்போடு படிப்பு போயிற்று. யாரையும் நம்பி நான் வாழ்ந்ததில்லை.

ப்ரூயிட் மேடம் அதற்கு எதிரானவர். சரித்திரம் சொல்லிக்கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் பீச் பழக் கேக் சுட்டுவந்து எனக்கும் ஒரு துண்டு வைப்பார். சட்டம் வந்த வாரம் தன் அறைக் கதவில், 'தயவுசெய்து துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள்' என்று எழுதி ஒட்டினார். கழற்றச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. சுரண்டி எடுத்தவன் நான். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"பெயின்ட்டையும் சேர்த்துச் சுரண்டுறீங்களே ஹாலிஸ்."

"நீங்க நல்ல பசையா வாங்கிட்டீங்க மேடம்."

சிரித்தார். அவருக்குச் சிரிப்பு சுலபமாக வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த பருவத்தில் ஒரு மாணவன் மார்க் குறைந்துவிட்டது என்று அவரிடம் போனான். மிரட்டவில்லை. உட்காரும்போது கோட்டை விலக்கி, இடுப்பில் இருந்ததைத் தெரியும்படி வைத்துக்கொண்டான். "இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லுங்க மேம்" என்றான், அவ்வளவுதான். அவர் மார்க்கைக் கூட்டிப் போட்டார். அதன் பிறகு, எப்போதும் திறந்திருக்கும் அந்தக் கதவைச் சாத்தியே வைத்தார். உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

"தாழ்ப்பாள் எதுக்கு மேடம்? நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்க. சத்தம் கேட்டா மேசைக்கு அடியில உக்காந்து அழுதா எவன் வரப்போறான்?"

"எனக்குக் கை நடுங்கும் ஹாலிஸ்."

"எதிர்ல நிக்கறவனுக்கு அது தெரியாது."

அதற்கும் சிரித்தார். ஆனால் வாங்கினார். உரிமம் எடுத்து, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். நான் சொல்லித்தான் வாங்கினார் என்பதை மறைக்கவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னேன்.

என்னுடையது அப்பாவின் பழைய ரிவால்வர். ஆறு குண்டு கொள்ளும். அந்த மாதிரித் துப்பாக்கியில் ஐந்துதான் போடவேண்டும், குண்டை அடிக்கும் சுத்தியலுக்கு நேரே உள்ள குழியைக் காலியாக விடவேண்டும், கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்பார் அப்பா. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஆறும் போட்டுவைத்திருந்தேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்றுதான்.

அன்று கொக்கி கழன்றது. துப்பாக்கி தரையில் விழுந்து வெடித்தது. பக்கச் சுவரில் ஓட்டை. எனக்கு ஒரு கீறல் இல்லை. வெளியே யாரோ, 'துப்பாக்கிக்காரன் வந்துட்டான்' என்று கத்த, மாடி முழுக்க ஓடுகிற சத்தம்.

கைதவறி விழுந்துவிட்டது என்று நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கொடுத்திருந்தால் வேலை போயிருக்கும், உரிமம் போயிருக்கும். கழிவறையில் சுட்ட கிழவன் என்று இந்த ஊர் நான் சாகும்வரை சிரித்திருக்கும். எல்லோரும் ஓடி முடிக்கட்டும், பின்படியால் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது, மாடி நடைபாதையின் நடுவில் ப்ரூயிட் மேடம் நின்றிருந்தார். இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருந்தார். கை நடுங்கத்தான் செய்தது. மேசைக்கு அடியில் உட்காராமல், நான் சொன்னபடியே வந்திருந்தார்.

அவர் என்னைக் குறிவைத்தார், யாரென்று தெரியாமல் பயத்தில் சுட்டேன் என்று முதலில் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். இரண்டு நல்லவர்கள், ஒரு துரதிர்ஷ்டம் என்று பத்திரிகையில் வந்தது. அந்த முதல் சத்தம் வெந்நீர்க் குழாய் வெடித்தது என்று சொன்னவனும் நான்தான். குழாய் விஷயத்தில் அங்கே என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

நடந்தது வேறு. என்னைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்.

"ஹாலிஸ். அப்பாடா, நீங்களா."

பிறகு என் பெல்ட்டைப் பார்த்தார். இன்னும் மாட்டியிருக்கவில்லை. கழிவறைக் கதவு வழியாக வெடிமருந்து வாடை வந்துகொண்டிருந்தது.

"உங்களோடதா வெடிச்சுது? கழிவறையிலயா?"

சிரித்தார். பயம் விட்டுப்போன சிரிப்புதான், கேலி இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது. யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

இரண்டு முறை சுட்டேன்.

அவர் விழுந்து கிடந்தபோது மூச்சு இருந்தது. நான் முதலில் கழிவறையில் வெடித்த குண்டின் வெறும் உறையை எடுத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து புதிதாக ஒன்றைப் போட்டேன்; எண்ணிப் பார்த்தால் இரண்டுதான் சுட்டதாக இருக்கவேண்டும். கை நடுங்கவில்லை. பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் ஆட்கள் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை பொய் இல்லை.

மறுவாரம் அந்த மாடியைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கே வந்தது. சுவர் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆடுகிற கொக்கியைப் பார்க்கப் பிடிக்காமல் புதிது மாட்டினேன். "மிஸ்டர் ஹாலிஸ் டாக்கெட், கட்டடம் பூரா துருப்பிடிச்ச கொக்கி, இது மட்டும் ஏன் மினுக்குது?" என்று காலையில் கேட்டீர்கள். நல்ல கேள்வி.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஆனால் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கையிலும் துப்பாக்கி இருந்தது. பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குத் துப்பாக்கி கொண்டுவருகிற ஆளை நான் எப்படி நம்புவது?